கட்சுரா ரிக்கியூ: காவிரிக் கரையிலிருந்து கியோட்டோ போகிறவர்கள் தவறவிடக் கூடாத அரண்மனைத் தோட்டம்

ஜப்பானின் கியோட்டோவுக்குப் போகும் நம் பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் பொன் வேய்ந்த கின்ககுஜி, நிஜோ கோட்டை, சிவப்பு வாசல்கள் வரிசையாக நிற்கும் ஃபுஷிமி இனாரி ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு ஒசாகாவுக்கு ரயிலேறிவிடுகிறார்கள். ஊரின் மேற்கோரத்தில் கட்சுரா ஆற்றங்கரையில் இருக்கும் கட்சுரா ரிக்கியூ விட்டுப்போகிறது. காரணம் கேட்டால் சொல்வார்கள்: முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், தனியாகச் சுற்ற விடமாட்டார்கள், எந்தக் கட்டடத்துக்குள்ளும் கால் வைக்க முடியாது. மூன்றுமே உண்மைதான். இருந்தும் காவிரிப் படுகையில் பிறந்தவர்களுக்குக் கியோட்டோவில் ஒரே ஓர் அரண்மனைக்குத்தான் நேரம் இருக்கிறதென்றால், அது இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆறு என்றைக்காவது உள்ளே வரும் என்று தெரிந்துகொண்டே அதன் கரையில் கட்டிய வீடு இது. அதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ரிக்கியூ என்றால் தலைமை அரண்மனையிலிருந்து விலகி இருக்கும் ஓய்வு மாளிகை. ஹச்சிஜோ தோஷிஹிதோ என்ற இளவரசர் 1615 வாக்கில் இதைத் தொடங்கினார். 1629இல் அவர் மறைந்த பிறகு மகன் தோஷிதாதா விரித்துக் கட்டினார். தஞ்சையில் இரகுநாத நாயக்கர் ஆண்டதும், 1620இல் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்ட இடம் பெற்றதும் இதே காலத்தில்தான். சேர்ந்த நிலங்களையும் சேர்த்து மொத்தப் பரப்பு சுமார் 69,000 சதுர மீட்டர், அதாவது 17 ஏக்கர். நடுவே கைகால் நீட்டிக் கிடக்கும் ஒரு குளம், அதைச் சுற்றித் தேநீர்க் குடில்கள், மேற்குக் கரையில் குடியிருப்புக் கட்டடங்கள். இவ்வளவுதான் அரண்மனை. தங்க முலாம், ஓவியக் கூடம், கோபுரம் எதையும் எதிர்பார்த்து வராதீர்கள். அவை வேண்டுமென்றால் நிஜோ கோட்டை இருக்கிறது.

முதலில் பதிவு. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அரண்மனையை ஜப்பானின் அரச இல்ல நிர்வாகம் நடத்துகிறது. அவர்களுடைய இணையதளத்தில் நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் போக நினைக்கும் மாதத்துக்கு மூன்று மாதம் முன்னால், அந்த மாதத்தின் 1ஆம் தேதி, ஜப்பான் நேரம் காலை 5 மணிக்குப் பதிவு திறக்கும். நம் கடிகாரத்தில் அது பின்னிரவு 1.30. நவம்பர் கடைசியில் மேப்பிள் இலை சிவக்கும் நாட்களுக்குப் போக நினைத்தால் ஆகஸ்ட் 1ஆம் தேதி அந்த நேரத்தில் உட்கார்ந்துவிடுங்கள். விடிந்து காபி குடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நல்ல நேரங்கள் போயிருக்கும். வாசலிலேயே அன்றன்றைக்குச் சில இடங்கள் கொடுப்பதும் உண்டு, வரிசையில் முந்தியவருக்கு. அதை மட்டும் நம்பி ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டாம்.

நண்பரோடு போகிறவர்கள் ஒரே விண்ணப்பத்தில் இரண்டு பேரையும் சேர்த்துவிடுங்கள். தனித்தனியாகப் போட்டால் ஒருவருக்குக் காலையும் மற்றவருக்கு மாலையும் விழலாம். பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஊரில் 'எஸ். குமார்' என்று எழுதிப் பழகியிருப்போம்; பாஸ்போர்ட்டில் அந்த 'எஸ்' அப்பாவின் முழுப்பெயராக விரிந்திருக்கும். பாஸ்போர்ட்டில் எந்த வரிசையில் இருக்கிறதோ அப்படியே, சுருக்காமல் எழுதுங்கள். வாசலில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பட்டியலோடு ஒத்துப்பார்ப்பார்கள். அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். அதை விடுதியின் பெட்டகத்தில் வைத்துவிட்டு வந்தால் சுற்றிப்பார்ப்பதும் அதோடு போச்சு. வரமுடியாத நண்பருக்குப் பதில் வேறு ஆளைக் கூட்டிப் போகவும் முடியாது.

கட்டணம் 18 வயது நிரம்பியவர்களுக்கு 1000 யென், ஏறத்தாழ 600 ரூபாய். ரொக்கமாக எடுத்துப் போங்கள். 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை உள்ளே விடுவதில்லை, எனவே குடும்பமாக வருகிறவர்கள் யார் வெளியே பிள்ளையோடு இருப்பது என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை விடுமுறை, வருடக் கடைசியிலும் சில நாள் மூடுவார்கள். இதே இணையதளத்தில் ஷுகாகுயின், செந்தோ என்று வேறு அரண்மனைகளும் வரிசையாக இருக்கும். அவசரத்தில் ஷுகாகுயினைத் தட்டிவிட்டால் அது ஊரின் நேர் எதிர்க் கோடியில், வடகிழக்கு மலையடிவாரத்தில் இருக்கிறது.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாக ஒசாகாவின் கன்சாய் விமான நிலையம், அங்கிருந்து ஹருகா விரைவு ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்தில் கியோட்டோ. அதற்கப்புறம்தான் ஒரு குழி இருக்கிறது. வரைபடத்தில் 'கட்சுராகாவா' என்று ஜேஆர் ரயில் நிலையம் ஒன்று தெரியும். பெயரைப் பார்த்து அங்கே இறங்கினால் நெடுந்தூரம் நடக்க வேண்டும். நீங்கள் இறங்க வேண்டியது ஹன்க்யூ ரயிலின் 'கட்சுரா' நிலையம். அங்கிருந்து 20 நிமிட நடை. இல்லையென்றால் கியோட்டோ நிலையத்தின் முன்னாலேயே 33ஆம் எண் நகரப் பேருந்து ஏறி 'கட்சுரா ரிக்கியூ மாஎ' நிறுத்தத்தில் இறங்கினால் 8 நிமிடம் நடந்தால் போதும். பெரிய பெட்டிகளைக் கியோட்டோ நிலையத்து லாக்கரில் போட்டுவிட்டு வாருங்கள். உங்களுக்குக் குறித்த நேரத்துக்கு 20 நிமிடம் முன்னால் வாசலில் நிற்க வேண்டும். குழு கிளம்பிவிட்டால் பின்னால் ஓடிச் சேர்ந்துகொள்ளும் பேச்சே இல்லை. வாசலருகே குழு காத்திருக்கும் அறையிலேயே கழிப்பறைக்குப் போய்வந்துவிடுங்கள், தோட்டத்துக்குள் கிடையாது.

பேருந்தில் வருகிறவர்கள் கட்சுரா பாலம் தாண்டி இறங்கியதும் நேரே வாசலுக்கு ஓடாமல், ஆற்றை ஒட்டிய வேலியை முதலில் பாருங்கள். இதற்கு நுழைவுச் சீட்டு வேண்டாம். சுமார் 250 மீட்டருக்குப் பச்சைச் சுவர் போல நீளும் இந்த வேலி வெட்டிய மூங்கிலால் ஆனதில்லை. உள்பக்கம் வேரூன்றி நிற்கும் உயிர் மூங்கிலை அப்படியே வெளிப்பக்கம் வளைத்து, இலையோடு கூடிய கிளைகளை ஒரு சட்டத்தில் பின்னிக் கட்டியிருக்கிறார்கள். கிளுவை வேலியும், கொள்ளிடக் கரையில் மண்ணைப் பிடித்து நிற்கும் மூங்கில் புதர்களும் தெரிந்தவர்களுக்கு இதன் சூட்சுமம் உடனே பிடிபடும். மதில் கட்டினால் வெள்ளம் முட்டி மோதி ஒருநாள் அதைச் சாய்த்துவிடும். இந்த வேலி தண்ணீரை உள்ளே விட்டுவிடுகிறது. குப்பையையும் கட்டையையும் எக்கலையும் வடிகட்டி நிறுத்திவிடுகிறது. வேகம் செத்த தண்ணீர்தான் தோட்டத்துக்குள் வரும். 2013 செப்டம்பர் சூறாவளியில் இதே ஆறு சற்று மேலே அரஷியாமா பக்கம் கரை தாண்டி ஓடியது. இந்த முன்யோசனைக்கு இன்றைக்கும் வேலை இருக்கிறது.

உள்ளே சுற்று ஏறத்தாழ ஒரு மணி நேரம். முன்னால் வழிகாட்டி, கடைசியில் ஒரு காவலர், நடுவில் குழு. ஆங்கில விளக்கத்துடன் நடக்கும் சுற்றுகளும் உண்டு. பதியும்போதே அதைத் தேர்ந்தெடுங்கள். படம் எடுக்கலாம், ஆனால் பாதையை விட்டு ஓரடி இறங்கக் கூடாது. எங்காவது கருப்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய ஒரு சிறு கல் வழியில் உட்கார்ந்திருந்தால், அதற்கு அப்பால் போகாதே என்று அர்த்தம். பலகையும் சங்கிலியும் இல்லாமல் ஒரு கல்லே காவல் நிற்கிறது.

இந்தத் தோட்டத்தை அமைத்தவர்கள் பார்ப்பவரின் கண்ணைக் காலால் ஆண்டிருக்கிறார்கள். படிக்கல்கள் ஒரே அளவில் இல்லை. சிறிதாகவும் உயரம் மாறியும் வருகிற இடத்தில் குனிந்து பார்த்துத்தான் கால் வைக்க முடியும்; அப்போது குளம் தெரியாது. சட்டென்று ஓர் அகலமான கல் வரும். இரண்டு காலையும் ஊன்றி நிமிர்வீர்கள். அங்கேதான் காட்சி திறக்கும். படிக்கல்லில் நடந்துகொண்டே கைபேசித் திரையைப் பார்க்கிறவர்கள் இதை முழுக்க இழக்கிறார்கள், சில சமயம் பாசியில் வழுக்கிக் காலையும் மடக்கிக்கொள்கிறார்கள். அகலக் கல் வரும்வரை கைபேசி சட்டைப்பையில் இருக்கட்டும்.

மறைத்துக் காட்டுவதும் அப்படித்தான். தொடக்கத்திலேயே இரண்டு பக்கமும் வேலி கட்டிய ஒரு குறுகிய வழி குளத்தை நோக்கி நீளும். அதன் நுனியில் ஒரு சிறு பைன் மரம் சரியாகக் குறுக்கே நின்று குளத்தை மறைக்கும். 'திரை பைன்' என்றே அதற்குப் பெயர். கோயிலில் சன்னதித் திரை விலகும் முன் நிற்கிற மாதிரி ஒரு நிலை. வழிகாட்டி இந்த இடத்தைச் சில நொடிகளில் கடந்துவிடுவார், கவனமாக இருங்கள்.

அடுத்து, சக்கரவர்த்தி வந்த வழி என்று பெயர் பெற்ற பாதை. புளியங்கொட்டை அளவிலிருந்து எலுமிச்சை அளவு வரை உள்ள கூழாங்கற்களை மண்ணில் நெருக்கிப் பதித்து, நடுவை லேசாக உயர்த்தி விட்டிருக்கிறார்கள். மழை பெய்தால் தண்ணீர் இரு பக்கமும் வடிந்துவிடும், வரப்பு போல. கல்பாவிய தடங்களையும் மூன்று தரமாகப் பிரித்திருக்கிறார்கள்: முழுக்க வெட்டிய கல் அடுக்கியது, வெட்டியதும் வெட்டாததும் கலந்தது, வெட்டாத கல்லை மட்டும் வைத்தது. எழுத்தில் அச்செழுத்து, கூட்டெழுத்து, வேகக் கையெழுத்து என்று இருக்கிறதே, அந்தப் பாகுபாட்டையே கல்லுக்கும் எடுத்திருக்கிறார்கள். கலந்த தரத்தைக் கூரை வேய்ந்த காத்திருப்புத் திண்ணையின் முன்னால் பார்க்கலாம். அந்தத் திண்ணைக்கு எதிரே பனை போலத் தோன்றும் சைகஸ் மரங்கள் நிற்கும். தெற்கே சத்சுமா நாட்டுப் பிரபுக்கள் அனுப்பியவை என்பார்கள். குளிர்காலத்தில் அவற்றுக்கு வைக்கோலால் உடம்பு முழுக்கச் சட்டை கட்டிவிடுவார்கள்.

பிறகு குளக்கரை. கூழாங்கல் பரப்பிய ஒரு மெல்லிய முனை நீருக்குள் நீண்டு, அதன் நுனியில் ஒற்றைக் கல்விளக்கு. கலங்கரை விளக்கின் சிறு உரு. தோட்டத்திலுள்ள விளக்குகளில் பல முழங்கால், இடுப்பு உயரத்துக்கு மேல் போகவில்லை. இரவில் நடப்பவரின் காலடிக்கும் படகில் வருபவரின் கண்ணுக்கும் வெளிச்சம் போதும் என்ற கணக்கு. சுமார் 6 மீட்டர் நீளமுள்ள ஒற்றைக் கல் பாலத்தைத் தாண்டினால் ஷோகின்தே குடில். அதன் உள்சுவரில் வெள்ளையும் நீலமுமாகப் பெரிய கட்டங்கள் ஒட்டியிருப்பதைப் பார்த்ததும் நம் கூறைநாட்டுச் சேலையின் கட்டம் ஞாபகம் வரும். இருட்டான, மண்ணும் மரமும் நிறைந்த குடிலில் அந்த நீலம் எதிர்பாராத துணிச்சல். வெளித் தாழ்வாரத்திலேயே அடுப்பு வைத்திருக்கிறார்கள், விருந்தாளி பார்க்க வெந்நீர் கொதிக்கும்.

மேட்டின் மேல் ஒரு குடில், முன்னோர் நினைவுக்கு ஒரு சிறு மண்டபம். இவற்றை வழிகாட்டியும் வேகமாகவே கடப்பார், நீங்களும் கடக்கலாம். அவசரப்படக் கூடாத இடம் ஷோயிகென். வேளாண் வீட்டுப் பாங்கில் கட்டிய குடில். நெற்றியில் வரிசையாக ஆறு வட்டச் சன்னல்கள். பின்பக்கத்துச் சன்னல்கள் வேலிக்கு அப்பால் இருக்கும் நெல் வயலைப் பார்த்தபடி இருக்கின்றன. இளவரசர் குளத்தைப் பார்க்க ஒரு திண்ணை, வயலைப் பார்க்க ஒரு சன்னல் என்று ஒரே குடிலில் வைத்திருக்கிறார். அந்தக் காட்சி கெடாமலிருக்க அரச இல்லமே பக்கத்து விளைநிலத்தையும் தன்வசம் வைத்து, அங்கே சாகுபடி நடக்க விட்டிருக்கிறது. ஜூனில் நடவு, அக்டோபர் வாக்கில் அறுப்பு. கிட்டத்தட்ட நம் குறுவைப் பட்டம். புறவழிச்சாலைக்கும் மனைப்பிரிவுக்கும் வயல் போய்க்கொண்டிருக்கும் நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு, நகரத்துக்குள் ஒரு சன்னலுக்காக வயலைக் காப்பாற்றியிருப்பது மனதில் தைக்கும்.

கடைசியில் குடியிருப்புக் கட்டடங்கள். பழைய மனை, நடு மனை, புதிய மனை என்று மூன்றும் பறக்கும் வாத்துக்கூட்டம் போல ஒன்றுக்கொன்று சற்றுப் பின்வாங்கி நிற்கின்றன, அதனால் ஒவ்வொன்றுக்கும் வெயிலும் காற்றும் தோட்டக் காட்சியும் கிடைக்கிறது. தரைமட்டத்தைக் கவனியுங்கள். ஆள் உள்ளே குனிந்து புகும் அளவுக்கு உயர்த்திக் கால்கள் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். ஈரம் ஏறாது, காற்று ஓடும், வெள்ளம் வந்தால் அடியில் நுழைந்து போய்விடும். பழைய மனையின் திண்ணைக்கு முன்னால் மூங்கில் வேய்ந்த ஒரு மேடை நீட்டிக்கொண்டிருக்கும்; நிலாப் பார்க்கும் மேடை. இலையுதிர்கால முழுநிலா எழும் திசையை வைத்தே இதை அமைத்ததாகச் சொல்வார்கள். ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் புருனோ டாவுட் 1933இல் வந்து பார்த்து உலகுக்கு எடுத்துச் சொன்ன பிறகு, நவீனக் கட்டடம் படிக்கிறவர்களெல்லாம் தேடி வருகிற இடம் இது. 1976 முதல் 1982 வரை இந்த மனைகளைப் பிரித்துச் செப்பனிட்டார்கள்.

இனிக் குறைகள். நிலாவுக்கென்று கட்டிய இடத்தில் நிலாவைப் பார்க்க முடியாது. எல்லாச் சுற்றும் பகலில்தான். புதிய மனைக்குள் இருக்கும் புகழ்பெற்ற அலமாரித் தட்டுகளை வெளியிலிருந்து பார்க்கவே வழியில்லை. ஒரு மணி நேரம் என்பது கட்டாயமாகப் போதாது. ஷோகின்தே முன்னால் கால் மணி நேரமாவது உட்காரவேண்டும் என்று தோன்றும்போது கடைசிக் காவலர் மரியாதையாகப் பின்னால் வந்து நிற்பார். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு இது ஏற்ற இடம் இல்லை. படிக்கல்களும் ஏற்ற இறக்கமும் விடாமல் வரும், நடுவில் உட்கார இடம் குறைவு. அம்மா அப்பாவைக் கூட்டிப் போகிறவர்கள் அவர்களை நிஜோ கோட்டைக்கோ, முன்பதிவே தேவையில்லாத, கட்டணமுமில்லாத கியோட்டோ அரச மாளிகைக்கோ அழைத்துப் போவது நல்லது.

இரண்டு பேராகப் போவதில் ஒரு வசதி உண்டு. ஒருவர் விளக்கத்தைக் கேட்க முன்னால் நிற்கட்டும், ஒருவர் படம் எடுக்கக் குழுவின் கடைசியில் வரட்டும், ஷோயிகெனில் மாறிக்கொள்ளலாம். கடைசியில் வருகிறவருக்குத்தான் ஆள் இல்லாத பாதை படத்தில் கிடைக்கும். பின்பட்டை இல்லாத செருப்பும் குதிகால் உயர்ந்த காலணியும் ஆகாது. ரப்பர் அடியுள்ள ஷூ போடுங்கள். மழையிலும் சுற்று நடக்கும். ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடு வரை அங்கே மழைப் பருவம். கல் வழுக்கும், ஆனால் பாசி அப்போதுதான் முழுப் பச்சையில் இருக்கும். கூட்டமில்லாமல் தோட்டத்தைத் தோட்டமாகப் பார்க்க இதுதான் சிறந்த சமயம் என்பேன், நவம்பர் சிவப்பைவிடவும். ஆகஸ்டில் நம் ஊரைப் போலவே புழுங்கும், குளக்கரைக் கொசுவும் சேர்ந்துகொள்ளும். ஜனவரிக் குளிர் காதைக் கடிக்கும். கையுறை இல்லாமல் போகாதீர்கள்.

சாப்பாடு. சைவக்காரர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். அங்கே காய்கறி சூப்பிலும் நூடுல்ஸ் சாற்றிலும்கூட 'தாஷி' என்ற உலர்மீன் சாறு இருக்கும். மாமிசம் இல்லை என்று சொன்னால் மட்டும் போதாது, தாஷியில் மீன் உண்டா என்று தனியாகக் கேட்க வேண்டும். புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் பெட்டியில் எடுத்துப் போனால் கடைகளில் வெறும் சாதம் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளலாம். பச்சைக் கறிவேப்பிலை, பழம் எதையும் கொண்டுபோகாதீர்கள்; தாவரச் சான்றிதழ் இல்லாமல் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.

அரண்மனையை விட்டு வெளியே வந்ததும் பாலத்துக்குப் பக்கத்தில் நகாமுராகென் என்ற பழைய பலகாரக் கடை இருக்கிறது, 1883இல் தொடங்கியது. அவர்களுடைய பெயர்போன பண்டம் முகிதெ மொச்சி. இடித்த பசையரிசி மாவை மடித்து, உள்ளே இனிப்புச் சிவப்புப் பயறு வைத்து, மேலே வறுத்த சோயா மாவு தூவித் தருவார்கள். நம் பூரணக் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட உறவு, ஆனால் ஜவ்வு போல இழுக்கும், சின்னச் சின்னதாகக் கடித்து மென்று விழுங்குங்கள். அந்தக் காலத்தில் வயலில் வேலை செய்கிறவர்களுக்கு இடைத்தீனியாக இதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அறுப்பு முடிந்ததும் விலையாகத் தானியம் வாங்கிக்கொள்வார்களாம். களத்துமேட்டில் மரக்கால் வைத்து நெல் அளந்து கூலி கொடுத்த ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும். அன்றன்றைக்குச் செய்வது அன்றைக்கே கெட்டிப்பட்டுவிடும், அதனால் கட்டி எடுத்துப்போகாமல் அங்கேயே உட்கார்ந்து சூடான தேநீரோடு சாப்பிடுங்கள். திரும்பும் 33ஆம் எண் பேருந்து நிறுத்தமும் பக்கத்திலேயே இருக்கிறது.